கச்சேரியும் சினிமாவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ பாட்டு ரீதிகௌளை ராகம் என்றார்கள். அதை நம்பி ஒரு கச்சேரியில் ரீதிகௌளை ஆலாபனை (பாட்டு வரி இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது) கேட்டேன். அந்தப் பாட்டின் சாயல் இரண்டே இடத்தில் தலைகாட்டியது. மற்றதெல்லாம் புரியவில்லை. இரண்டில் எது அசல்? – வாசகி, திருவரங்கம்

இரண்டும் அசல்தான் அம்மா. ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு.

ரீதிகௌளை நேராக ஏறி நேராக இறங்கும் ராகமில்லை. ஏறும்போது ச க ரி க ம நி த ம நி நி ச. இறங்கும்போது ச நி த ம க ம ப ம க ரி ச. பஞ்சமம் (ப) ஏறும் வழியில் கிடையாது; இறங்கும்போதும் மத்தியமத்தின் (ம) தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதனால் ஏழு ஸ்வரங்களையும் வரிசையாகப் பாடினால் ரீதிகௌளை வராது, தாய் ராகமான கரகரப்பிரியாதான் வரும். இந்த ராகத்தின் உயிர் நாலைந்து பிடிகளில், அதாவது ராகத்தை அடையாளம் காட்டும் சின்ன ஸ்வரக் கோவைகளில் இருக்கிறது. ‘க ம நி’, ‘நி த ம’, ‘ம ப ம க ரி ச’ என்ற மூன்றையும் வாயில் ஏற்றிக்கொண்டால் எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும்.

1977-ல் ‘கவிக்குயில்’ படத்துக்காக இளையராஜா அமைத்து பாலமுரளிகிருஷ்ணா பாடிய அந்தப் பாட்டு, இந்தப் பிடிகளை முதல் வரியிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. சில நிமிடங்களில் முடிய வேண்டிய பாட்டு அப்படித்தான் செய்ய வேண்டும். கச்சேரியில் ஆலாபனை செய்பவருக்குப் பத்து நிமிடமோ இருபது நிமிடமோ இருக்கிறது. அவர் முதலில் ஆதார ஷட்ஜத்தை (ச) சுற்றிக்கொண்டிருப்பார். காந்தாரத்தை (க) காட்டுவார், நிஷாதத்தை (நி) தள்ளிப்போடுவார், நீங்கள் எதிர்பார்க்கும் பிடியை வேண்டுமென்றே மூன்று முறை தவிர்த்துவிட்டு நான்காவது முறை தருவார். நீங்கள் பாட்டின் மெட்டைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த இருபது நிமிடமும் ஏமாற்றமாகத்தான் தெரியும். ஆலாபனைக்குத் தாளமும் கிடையாது. தொடையில் தட்டிக்கொண்டு கேட்டால் அதுவும் குழப்பும்.

ஒரு வழி சொல்கிறோம். முதலில் அந்தச் சினிமாப் பாட்டை மூன்று முறை கேளுங்கள். அடுத்து, சுப்பராய சாஸ்திரியின் ‘ஜனனி நின்னுவினா’. அதே ராகம், மிஸ்ரசாபு தாளம். 3, 4 என்று ஏழாக எண்ணிக்கொண்டு கேட்கலாம். இதையும் மூன்று முறை. பிறகு 2008-ல் ‘சுப்ரமணியபுரம்’ படத்தில் ஜேம்ஸ் வசந்தன் அமைத்த ‘கண்கள் இரண்டால்’. இதற்குள் அந்த மூன்று பிடிகளும் தாமாகக் காதில் விழ ஆரம்பித்திருக்கும். கடைசியில் ஆலாபனைக்குப் போங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி ஆலாபனையில் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

கே: ஒரு பாட்டை ஹிந்தோளம் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ‘அது மோகனம்’ என்று நாலு பேர் திருத்தினார்கள். ஸ்வரங்களைக் கீபோர்டில் சரியாகத்தான் பிடித்திருந்தேன். எங்கே தவறு? – வாசகர், நாமக்கல்

‘ச’ எது என்பதில் தவறு. மிகவும் சகஜமான தவறு இது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

கீபோர்டில் ஐந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். எந்தக் கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொள்கிறீர்களோ அதற்கேற்ப ஐந்து ராகங்கள் வரும். மோகனத்தின் ஷட்ஜத்திலிருந்து தொடங்கினால் மோகனம். அதன் ரிஷபத்தை (ரி) ஷட்ஜமாக்கினால் மத்தியமாவதி. காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம். பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி. தைவதத்தை (த) ஆக்கினால் சுத்த தன்யாசி. இதற்குக் கிரகபேதம் என்று பெயர். நீங்கள் பிடித்த ஐந்து கட்டைகளும் சரி, வீட்டுக் கதவு எதுவென்றுதான் மாறிப்போயிற்று.

சுருதிப் பெட்டியை 1 கட்டையில் (கீபோர்டின் C) வைத்துப் பாட்டோடு சேர்த்து ஒலிக்க விடுங்கள். அரை அரைக் கட்டையாக உயர்த்திக்கொண்டே வாருங்கள். ஏதோ ஓரிடத்தில் பாட்டு அதன் மேல் சாய்ந்து உட்காரும். அவசரப்பட்டு முடிவு செய்யாமல் பல்லவி, முதல் சரணம் முழுவதும் அந்தச் சுருதியை ஓட விட்டுப் பாருங்கள். பல்லவியின் கடைசி ஸ்வரம்தான் ஷட்ஜம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சினிமாவில் பல்லவி காந்தாரத்திலோ பஞ்சமத்திலோ நிற்பது சாதாரணம். அடியில் ஓடும் மேற்கத்தியச் சுரக்கூட்டும் காதை வேறு பக்கம் இழுக்கும். சந்தேகம் வந்தால் இடையிசை முடிந்து சரணம் தொடங்கும் முன் பாஸ் கிட்டார் எந்த ஸ்வரத்தில் வந்து இறங்குகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

ஷட்ஜம் கிடைத்த பிறகும் சரணத்தில் அந்நிய ஸ்வரம் (அந்த ராகத்தில் இல்லாத ஸ்வரம்) வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் ‘மோகனத்தில் அமைந்தது’ என்று எழுதாமல் ‘மோகனச் சாயல்’ என்று எழுதுங்கள். சாயல் என்பது வசைச்சொல் இல்லை. இசையமைப்பாளர் அந்த ஸ்வரத்தைத் தெரியாமல் போடுவதில்லை. காட்சிக்கு அது தேவையாக இருக்கும்.

கே: ஒரு காலத்தில் வானொலியில் சினிமாப் பாட்டுக்குத் தடை இருந்ததாமே, உண்மையா? – வாசகர், கோயம்புத்தூர்

ஏறக்குறைய உண்மை. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதம்தான் மக்களின் ரசனையை உயர்த்தும் என்று உறுதியாக நம்பினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் நேரம் கடுமையாகக் குறைக்கப்பட்டது. ஒலிபரப்பும்போது படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் பாட்டு கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

மக்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். வடக்கே அதன் இந்தி ஒலிபரப்பு, இங்கே அதன் தமிழ் ஒலிபரப்பு. தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் பல வருடங்கள் ஒலித்தது கொழும்புதான். 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி தொடங்கியது இதற்கான பதில்.

இதைவிட முந்தையது ஆர்மோனியத்துக்கு இருந்த தடை. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் வாசிக்க முடியாது. சொல்லப்பட்ட காரணத்தில் நியாயம் உண்டு: ஆர்மோனியக் கட்டை ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் நிற்கும். தோடியின் காந்தாரமோ ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சல் ஆடும். கமகம் எனப்படும் அந்த அசைவைக் கட்டையில் கொண்டுவர முடியாது. ஆனால் நாடகக் கொட்டகை முழுவதும் ஆர்மோனியத்தின் மேல்தான் நின்றது. அதைத் தடுத்தபோது நாடக மேடையின் ஒரு முழுப் பரம்பரையே வாசலில் நிறுத்தப்பட்டது. கமகம் வராது என்பது ஒரு வாத்தியத்தின் எல்லை. வானொலிக்குள் விடமாட்டோம் என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது.

கே: தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையைச் ‘சிந்து பைரவி’ படத்தில் வேறு ராகத்தில் போட்டது சரியா? எங்கள் வீட்டில் இது தீராத சண்டை. – வாசகி, மதுரை

தியாகராஜர் செய்தது காம்போதியில். 1985-ல் வந்த கே. பாலசந்தரின் படத்தில் இளையராஜா அதைச் சாரமதிக்கு மாற்றினார். காரணம் கதைக்குள் இருக்கிறது. ‘பாடறியேன் படிப்பறியேன்’ என்று கிராமிய மெட்டில் தொடங்கும் பாட்டு, தடங்கலே தெரியாமல் நடந்து நடந்து கடைசியில் ‘மரி மரி நின்னே’யில் போய்ச் சேர வேண்டும். இரண்டுக்கும் ஒரே ராகம் இருந்தால்தான் அது நடக்கும். காம்போதியின் கம்பீரமான, வளைந்து வரும் பிடிகள் அந்த நாட்டுப்புற மெட்டுக்கு இடம் கொடுக்காது. சாரமதி கொடுக்கும். அது நடபைரவியில் பிறந்தது. ஏறும்போது ஏழு ஸ்வரமும் நேராக வரும்; இறங்கும்போது ச நி த ம க ச என்று பஞ்சமத்தையும் ரிஷபத்தையும் விட்டுவிட்டு வரும். அந்த இறக்கத்தைத் தெம்மாங்கிலும் வைக்கலாம், ஆலாபனையிலும் வைக்கலாம். அந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்ததுதான் சாதனை. சித்ராவுக்கும் இளையராஜாவுக்கும் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. இரண்டும் தகுதியான விருதுகள்.

‘ராகத்தை மாற்றுவது பாவம்’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. ‘நகுமோமு’ பாடப்படும் ஆபேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மரபில் ஆபேரிக்குச் சுத்த தைவதம் (தாழ்ந்த ‘த’). இன்று கச்சேரியில் எல்லோரும் பாடுவது சதுச்ருதி தைவதம் (அதைவிட உயர்ந்த ‘த’). எந்த சினிமாக்காரரும் அதை மாற்றவில்லை. பாடாந்தரம் (குரு வழியாக வரும் பாட்டு முறை) கைமாறும்போது மேடையிலேயே மாறியது.

இனி உங்கள் வீட்டில் எதிர்க்கட்சிக்கு: தியாகராஜர் சாகித்தியம் (பாட்டு வரி) மட்டும் எழுதி மெட்டை ஊராரிடம் விட்டுப்போனவர் இல்லை. வரியும் ராகமும் சங்கதியும் (ஒரே வரியை மெட்டு மாற்றி மாற்றி வளர்ப்பது) சேர்ந்துதான் அவருடைய உருப்படி (பாடல்). காம்போதிக்காக இழைத்த சங்கதிகள் சாரமதியில் நிற்காது. எனவே படத்தில் வருவதை அந்தப் படத்தின் பாட்டாகக் கொண்டாடலாம். ‘தியாகராஜ கீர்த்தனை’ என்று சொல்லிக் கச்சேரி மேடையில் சாரமதியில் பாடுவது எங்கள் கணிப்பில் தவறு. சாரமதி பிடித்துப்போனவர்களுக்கு அதே தியாகராஜர் அந்த ராகத்திலேயே செய்த ‘மோக்ஷமு கலதா’ காத்திருக்கிறது. சண்டையை நிறுத்திவிட்டு வீட்டில் எல்லோரும் அதைக் கேளுங்கள்.

கே: கச்சேரியில் சினிமாப் பாட்டு பாடலாமா? – வாசகர், காரைக்குடி

பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். துக்கடாப் பகுதியில் (கச்சேரியின் கடைசியில் வரும் சின்னப் பாட்டுகள்) நீங்கள் கேட்கும் ‘சின்னஞ்சிறு கிளியே’ ராகமாலிகையின் மெட்டு 1951-ல் வந்த ‘மணமகள்’ படத்திலிருந்து வந்தது, சி.ஆர். சுப்பராமன் இசை, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். பாரதியின் வரிகள் என்பதால் அது சினிமாவிலிருந்து வந்தது என்பதே மறந்துபோயிற்று.

எந்தப் பாட்டு மேடையில் நிற்கும் என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இடையிசையை எல்லாம் எடுத்துவிட்டு, தம்புராவும் மிருதங்கமும் மட்டும் வைத்துப் பாடிப் பாருங்கள். வரிக்கும் வரிக்கும் நடுவே வெறுமை தெரிந்தால் அந்தப் பாட்டு வாத்தியக் குழுவுக்காகவே எழுதப்பட்டது. அதை அங்கேயே விட்டுவிடுவது மரியாதை.

கே: என் மகளுக்குப் பதினொரு வயது. நான்கு வருடமாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறாள், வர்ணம் வரை வந்திருக்கிறாள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கும் தயாராகிறாள். ‘சினிமா பாடினால் குரல் கெட்டுவிடும்’ என்று பாட்டு ஆசிரியை கோபிக்கிறார். உண்மையில் கெடுமா? – தாய், தாம்பரம்

சினிமாப் பாட்டு குரலைக் கெடுக்காது. பொருந்தாத சுருதியும் மைக் பழக்கமும் கெடுக்கும். ஆசிரியையின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். அவர் பார்த்துக் கவலைப்படுவது இவற்றைத்தான்.

முதலில் சுருதி. உங்கள் மகள் வகுப்பில் 5 அல்லது 5½ கட்டையில் பாடிக்கொண்டிருக்கலாம். சினிமாப் பாட்டின் ஷட்ஜம் எந்தக் கட்டையிலும் இருக்கும். ஜோடிப் பாட்டாக இருந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வாத்தியக் குழு, ஒரே சுருதி. யாராவது ஒருவர் தமக்குச் சௌகரியமில்லாத இடத்தில்தான் பாடியிருப்பார்கள். சரணம் முழுவதும் தார ஸ்தாயியிலேயே (மேல் ஸ்தாயி) நிற்கும் பாட்டுகளும் உண்டு. கச்சேரி உருப்படி மேலே போனாலும் உடனே இறங்கி மூச்சு வாங்க இடம் தரும். அதனால் பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் அதன் உச்ச ஸ்வரத்தைக் கண்டுபிடியுங்கள். காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஸ்வரத்தைத் தொண்டை நரம்பு புடைக்காமல் பத்து எண்ணும்வரை நிறுத்த முடிகிறதா? முடியாவிட்டால் சுருதியை இறக்குங்கள். கரோக்கி டிராக்கை ஒரு கட்டை வரை இறக்கினால் பாதகமில்லை. அதற்குமேல் போனால் வாத்திய ஒலி பிசுபிசுத்துவிடும், வேறு பாட்டு எடுப்பதே நல்லது. கணக்குப் போடும்போது கவனம்: 3 கட்டைக்கும் 4 கட்டைக்கும் நடுவே மூன்றரை கிடையாது, 7-க்கும் மேல் 1-க்கும் நடுவே ஏழரை கிடையாது. 4-லிருந்து 3-க்கு இறக்குவது அரைக் கட்டை இறக்கம்தான்.

இரண்டாவது, மைக். வாயிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் வைத்து மெல்லப் பாடினால் குழைவாகக் கேட்கும். அந்தக் குழைவுக்கு ஆசைப்பட்டுக் குழந்தைகள் மூச்சைக் கலந்து பாடத் தொடங்குவார்கள். அடுத்த மாதம் வகுப்பில் திறந்த அகாரம் (வாய் திறந்து ‘ஆ’ என்று பாடுவது) வராது. ஆசிரியைக்குக் கோபம் வரும் இடம் இதுதான். வீட்டில் பயிற்சி முழுவதும் மைக் இல்லாமல் நடக்கட்டும். மேடை ஒத்திகைக்கு மட்டும் மைக்.

மூன்றாவது, கமகம். வகுப்பில் கற்ற பிள்ளை சினிமாப் பாட்டில் எல்லா ஸ்வரத்தையும் அசைக்கும், போகிற போக்கில் பிர்காவும் (வேகமான ஸ்வரச் சுழிப்பு) போடும். அடியில் கிட்டாரோ பியானோவோ நேர் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மேலே குரல் அசைந்தால் சுருதி விலகியதுபோல் கேட்கும். நடுவர்கள் ‘பிட்ச் போகிறது’ என்று சொல்வது பல சமயம் இதைத்தான். மருந்து: முதல் நான்கு வரிகளை ஸ்வரப்படுத்தி, எந்த ஸ்வரம் நேராக நிற்கிறது, எது அசைகிறது என்று காகிதத்தில் குறித்துக்கொண்டு அதன்படி பாட வையுங்கள். எதிர்ப்பக்கத்து நோயும் உண்டு. சினிமா அதிகமானால் தோடியிலும் பைரவியிலும் நேர் ஸ்வரம் வைக்க ஆரம்பிப்பாள். ஒவ்வொரு வார்த்தையையும் கீழிருந்து இழுத்துக்கொண்டு வந்து தொடுவாள். பைரவி அடதாள வர்ணத்தை முதல் காலத்தில் மெதுவாகப் பாட வைத்தால் இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும்.

காலையில் நாற்பது நிமிடம் சங்கீதம் முதலில்: பத்து நிமிடம் நீண்ட கார்வை (ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது), பதினைந்து நிமிடம் ஜண்டை, அலங்காரம் என்ற ஆரம்பப் பயிற்சிகள் மூன்று காலம் அகாரத்தில், பதினைந்து நிமிடம் வர்ணம். அரை மணி இடைவெளிக்குப் பிறகு சினிமா, அதுவும் அரை மணிக்கு மேல் வேண்டாம். சினிமாப் பாட்டையும் கரோக்கி இல்லாமல் கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு ஒரு முறை பாடச் சொல்லுங்கள். டிராக்கின் தாளத்தில் தொங்கிக்கொண்டே பழகியவர்களுக்கு இது முதல் நாள் வராது.

பையன்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: குரல் உடையும் மாதங்களில் போட்டியே வேண்டாம்.

கே: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரரிடம் சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்புகிறார்கள். அவர்களும் வாசிக்கிறார்கள். மனம் பொறுக்கவில்லை. – வாசகர், யாழ்ப்பாணம்

அளவெட்டியும் இணுவிலும் வளர்த்த நாதஸ்வர, தவில் மரபைக் கேட்டு வளர்ந்த காது உங்களுக்கு. வலிக்கத்தான் செய்யும். ஆனால் சினிமாப் பாட்டு வாசித்ததால் மட்டும் மரபு போய்விடாது. எந்த நேரத்தில் வாசிக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, கம்பீரநாட்டையில். அதற்கு வேறெதுவும் மாற்றில்லை. வீதியில் ராக ஆலாபனை, கீர்த்தனை. சுவாமி பள்ளியறைக்குப் போகும்போது நீலாம்பரி. இந்த முறைகளுக்கு நடுவே சீட்டு வந்தால் மறுக்க வேண்டியது திருவிழாக் குழுவின் கடமை. வித்துவானின் தலையில் அதைச் சுமத்தக்கூடாது, அவர் சன்மானத்துக்காக வந்திருக்கிறார். வீதியுலா முடிந்து இரவுக் கச்சேரியின் கடைசி அரை மணியில் வாசித்தால் கெட்டுப்போவது எதுவுமில்லை.

நல்ல வித்துவான் கையில் அது சினிமாப் பாட்டாகவே இருக்காது. நாதஸ்வரத்தில் அரை ஸ்வரங்கள் உதட்டின் அழுத்தத்திலும் மூச்சிலும் துளையைப் பாதி மூடுவதிலும் பிறக்கின்றன. எனவே சீவாளியில் (நாதஸ்வரத்தின் ஊதுமுனை) ஊதும் எந்த மெட்டும் தானாகக் கமகத்தோடு வெளியே வரும். தவறு நடப்பது தவிலில். பாட்டின் பதிவில் உள்ள ஒரே அடியைத் திருப்பித் திருப்பி முழக்கினால், இரைச்சல்தான் மிஞ்சும். தவில்காரர் பாட்டின் நடையை மட்டும் எடுத்துக்கொண்டு தம் சொற்கட்டைப் போட வேண்டும்.

1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் வந்த ‘சிங்கார வேலனே தேவா’வை மறக்கக்கூடாது. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் அவர். சதிருக்கும் சபாவுக்கும் வராத லட்சக்கணக்கானவர்கள் ஆபேரி என்றால் என்ன என்று காதால் தெரிந்துகொண்டது அந்தப் பாட்டில்தான். உங்கள் ஊரில் சீட்டு அனுப்பும் பிள்ளைகளை முதலில் அந்தப் பாட்டைக் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

கே: கச்சேரி என்பது நூற்றாண்டுகளாக மாறாமல் வரும் உயர்கலை, சினிமா நேற்று வந்த பொழுதுபோக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா? – வாசகர், மயிலாடுதுறை

ராகங்கள் பழையவை, ஐயா. கச்சேரி என்னும் வடிவம் அவ்வளவு பழையதில்லை. வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்ன உருப்படிகளை விறுவிறுப்பாகப் பாடி, நடுவில் விரிவான ஒரு உருப்படி, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியத்தின் தனி வாசிப்பு), பல்லவி (ஒரே வரியை விரித்துக் கற்பனையாகப் பாடுவது), கடைசியில் துக்கடா என்ற இன்றைய வரிசையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). அதற்குமுன் பல்லவியே கச்சேரியின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். டிக்கெட் வாங்கிக்கொண்டு சபாவுக்கு வரும் புதிய ரசிகர் சலிக்கக்கூடாது என்ற அக்கறை அவர் முறையில் தெளிவாகத் தெரிகிறது. அந்த அக்கறை சினிமாவுக்கு மட்டும் சொந்தமானதில்லை.

இன்னும் பின்னால் போனால் முத்துசுவாமி தீட்சிதர். ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நொட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தார், எல்லாம் சங்கராபரணத்தில். ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் தேசியகீதத்தின் மெட்டு. அதே கையால்தான் தேவி மீதான நவாவரணக் கீர்த்தனைகளும் செய்தார்.

ஆட்களும் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் 1940-ல் ‘சகுந்தலை’யில் நாயகி, நாயகன். எம்.எஸ்ஸுக்கு 1968-லும் ஜி.என்.பி.க்கு 1958-லும் சங்கீத கலாநிதி (சென்னை மியூசிக் அகாதெமியின் விருது). தியாகராஜ பாகவதர் படங்களுக்குப் பாட்டெழுதி மெட்டமைத்த பாபநாசம் சிவனுக்கு 1971-ல். ‘ஹரிதாஸ்’ படத்தின் ‘மன்மத லீலையை’ சாருகேசியில் செய்த அதே சிவனின் ‘கபாலி’ மோகனத்தைத்தான் கச்சேரியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறோம்.

ஆனால் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறோம். அளவுகோல் வேறு வேறு என்பதால்.

கே: அப்படியானால் ‘மேதை’ என்று யாரைச் சொல்வது? சினிமா இசையமைப்பாளரையும் சொல்லலாமா? – வாசகி, சேலம்

தாராளமாக. எதை வைத்துச் சொல்கிறோம் என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

கச்சேரிக் கலைஞரின் பெருமை மனோதர்மத்தில், அதாவது மேடையிலேயே கற்பனை செய்து பாடுவதில் இருக்கிறது. ஒரே வரியை எடுத்து நிரவல் செய்யும்போது சொற்கள் தாளத்தில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், மெட்டு மட்டும் ஒவ்வொரு ஆவர்த்தனமும் (தாளச் சுற்று) புதிதாகப் பிறக்க வேண்டும். சொல் இடம் மாறினாலும் தவறு, போன ஆவர்த்தனத்தையே திருப்பினாலும் தவறு. மேடையில், அந்த நொடியில், அழிக்கவும் திருத்தவும் வழியில்லாமல் இதைச் செய்கிறார்கள்.

சினிமா இசையமைப்பாளருக்கு அந்த நெருக்கடி கிடையாது. அவர் எழுதலாம், அழிக்கலாம். அவருக்குச் சில நிமிடங்கள்தான்; காட்சி, நடிகர், கவிஞரின் சந்தம் எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். அந்தக் கட்டுக்குள் எதையும் வீணாக்காமல் அமைப்பதுதான் அவருடைய வித்தை. ‘சிந்து பைரவி’யின் ‘கலைவாணியே’ கல்யாணியில் ஆரோகணத்தை (ஏறும் ஸ்வர வரிசை) மட்டுமே கொண்டு கட்டியது. ஒரு ராகத்தின் பாதி வழியை அடைத்துவிட்டும் அந்த ராகம்தான் என்று சின்னக் குழந்தைக்கும் கேட்க வைத்திருக்கிறார். கச்சேரியில் அரை மணி ஆலாபனைக்கு இந்தக் கட்டுப்பாடு ஆகாது. இறங்கும் பிடி இல்லாவிட்டால் கல்யாணி விரைவில் வறண்டுபோகும். பாட்டுக்கு அது போதும், அழகாகவும் இருக்கிறது.

தியாகராஜர் ‘சக்கனி ராஜ’வின் முதல் வரியைச் சங்கதி மேல் சங்கதியாக வளர்ப்பார், வளர்ச்சி முழுவதும் குரலில் நடக்கும். நல்ல சினிமாப் பாட்டில் பாடகர் முதல் சரணத்தையும் இரண்டாம் சரணத்தையும் ஒரே மெட்டில் பாடிக்கொண்டிருப்பார், அடியில் வயலின்களும் பாஸும் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும். சங்கதி வாத்தியத்துக்குள் இறங்கிவிட்டது.

உங்களுக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டை இன்றிரவு ஹெட்போனில் போடுங்கள். பாடகரை விட்டுவிடுங்கள். பாஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் சரணத்தைக் கேளுங்கள், பிறகு இரண்டாவதை. இரண்டிலும் அது ஒரே வழியில் நடந்தால் அடுத்த பாட்டுக்குப் போங்கள். வேறு வழியில் நடந்தால் அந்தப் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போடுங்கள், இம்முறை வயலின்களுக்காக.